சொந்தத் தலைவரைப் போகச் சொன்னவர்கள்

பிரிட்டனில் ஒரு பிரதமர் பதவி விலக வேண்டுமா வேண்டாமா என்று அந்த நாட்டு ஜனங்கள் போட்டுக்கொண்ட சண்டையில், எது ஊருக்குத் தெரியலாம், எது தெரியக் கூடாது என்று தீர்மானித்தது நாங்கள்தான். தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கம், டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். இதைச் சொன்னால் எங்கள் ஊர் இண்டூரில் யாரும் நம்புவதில்லை. அதற்காக அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். எடுத்த எடுப்பில் எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் இத்தனை வருஷம் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

போன மாதம் ஓய்வு பெற்றேன். இப்போது அந்த வேலையில் பெரும்பகுதியை ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் பார்க்கிறது. அது தடுமாறுகிற இடத்தை மட்டும் ஆட்கள் பார்க்கிறார்கள். ஆபீஸ் பிள்ளைகள் சிலர், மெஷின் வருவதற்கு முன்னால் ஒரு ஆள் பொய்யா நிஜமா என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அக்கா, எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று முதலில் யோசித்தேன். மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் கேட்கிறார்களோ என்னவோ. இருந்தாலும் எழுதுகிறேன். கண்டுபிடித்த கதைகளை விட, ஒரு ஆபீஸே சேர்ந்து கோட்டை விட்ட கதைதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வேலை இதுதான். லண்டனில் ஒரு செய்தித்தாள், பெயர் வேண்டாம். அதன் இணையதளத்தில் ஒவ்வொரு செய்திக்குக் கீழும் வாசகர்கள் கருத்து எழுதுவார்கள். கெட்ட வார்த்தை, பொய்க் குற்றச்சாட்டு, நிறத்தையும் மதத்தையும் சொல்லித் திட்டுவது, இதெல்லாம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். அதை அங்கேயே உட்கார்ந்து பார்க்க ஆள் வைத்தால் கட்டுபடியாகாது என்று இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அது பெங்களூருக்கு வந்து, அங்கிருந்து தர்மபுரிக்கு வந்தது. அவர்களுக்குப் பொழுது விடியும்போது நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம். அதனால் மதியத்தில்தான் வேலை சூடு பிடிக்கும்.

அதற்கு முன்னால் நான் கோர்ட்டுக்கு எதிரே வக்கீல்களுக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வாதியும் பிரதிவாதியும் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்வதை நாள் பூராவும் அடித்த கை. ஆங்கிலம் பேச வராது, ஆனால் எழுதினால் பிழை இருக்காது. பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் சில நாள் பயிற்சி கொடுத்தார். எந்தக் கட்சி எந்த நிறம், யார் யாரை என்ன பெயர் சொல்லிக் கிண்டல் செய்வார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். கூடவே ஒரு விஷயம் சொன்னார். அங்கே ஆளும் கட்சி எம்.பி.க்கள் நினைத்தால் தங்கள் தலைவரையே இறக்கிவிடலாம். அடுத்த தலைவருக்குப் போட்டி வந்தால் சாதாரண உறுப்பினருக்கும் வீட்டுக்கு ஓட்டுச்சீட்டு வரும். ஜெயிப்பவர் பிரதமர். பொதுத்தேர்தல் வேண்டியதில்லை. நாங்கள் தலையாட்டி நோட்டில் எழுதிக்கொண்டோம். எழுதியது எல்லாம் புரிந்ததாக ஆகாது என்று பின்னால்தான் தெரிந்தது.

திரையில் ஒரு கருத்து வரும். மூன்று பட்டன் இருக்கும். விடலாம், நீக்கலாம், சந்தேகமாக இருந்தால் மேலே அனுப்பலாம். நீக்கினால் காரணம் குறிக்க வேண்டும். காரணங்களில் ஒன்று, எழுதியவர் தான் அல்லாத ஒருவராகத் தன்னைக் காட்டிக்கொள்வது. அதற்கு ஆபீசில் நாங்கள் வைத்த பெயர் வேசம். எதிர்க்கட்சிக்காரன் ஆளும் கட்சிக்காரன்போல எழுதுவான். ஒரே ஆள் பத்துப் பெயரில் எழுதுவான். டாக்டர் அல்லாதவன் டாக்டர் என்பான். நீக்கப்பட்டவர்கள் முறையிட்டால் அதைத் திரும்பப் பார்க்கிற நாற்காலியில் பிற்பாடு என்னை உட்கார வைத்தார்கள்.

வேசத்தைப் பிடிப்பது எப்படி என்று கேட்கிறார்கள். பெரிய வித்தை இல்லை. கண்ணெதிரே இருக்கிற கருத்தைப் படிக்கக் கூடாது. அந்த ஆளின் பெயரைத் தட்டினால் அவர் முதன்முதலாக எழுதியதிலிருந்து வரிசையாக வரும். அங்கே தொடங்க வேண்டும். காசு வாங்கி எழுதுபவனுக்கு வேறு வாழ்க்கை இருக்காது. தலைவர், தலைவர், தலைவர் என்றே எழுதியிருப்பான். நிஜ ஆளாக இருந்தால் நடுவில் எங்காவது முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய், தோற்றுப்போன ஃபுட்பால் டீம் என்று வந்துவிடும். சமையல் பக்கத்தில் போய் ரொட்டி ஏன் உப்பவில்லை என்று கேட்டிருப்பார். அப்படி ஒன்றாவது கண்ணில் படாதவரை நான் யாரையும் ஆளாக ஏற்றுக்கொண்டதில்லை. இந்தப் புத்தி வீட்டிலும் தொற்றிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருபவர்களிடமே குறுக்கு விசாரணை செய்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார்.

எங்கள் மேனேஜர் சம்பத் சார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. எப்போதும் மடிப்புக் கலையாத அரைக்கை வெள்ளைச் சட்டை. யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். கண்டிக்க வேண்டியிருந்தால் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கண்டிப்பார், எல்லாருக்கும் காதில் விழட்டும் என்று. பாராட்ட வேண்டியிருந்தால் கதவைச் சாத்திக்கொள்வார், மற்றவர்கள் பொறாமைப்படுவார்களாம். ஏதாவது கஷ்டமான காரியம் ஆக வேண்டுமென்றால் தன் பிளாஸ்கிலிருந்து தானே டீ ஊற்றி, டம்ளரைத் துடைத்து முன்னால் வைப்பார். அதனால் சார் டீ கொடுத்தால், அடுத்து என்ன கேட்கப்போகிறாரோ என்றுதான் பார்ப்பேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே அவர் பையில் இருக்கும்.

இப்போது அந்தப் பிரதமர் விவகாரம். ஒரு பெரும் பணக்காரர் வீட்டு விருந்துக்கு அவர் போனார் என்று பேச்சு வந்தது. அந்தப் பணக்காரருக்கு அரசாங்கத்தில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்த நேரம். போகவே இல்லை என்று பார்லிமெண்டில் சொன்னார். பிறகு அவர் அந்த வீட்டுத் தோட்டத்தில் நிற்கிற போட்டோ வந்துவிட்டது. உடனே, எனக்கு நினைவில்லை, என் செயலாளர் அம்மா தப்பான தகவல் கொடுத்துவிட்டார் என்றார். அந்த அம்மா வேலையை விட்டுப் போனார், தலைவர் இருந்தார். நாடே இரண்டாகப் பிரிந்து எழுத ஆரம்பித்தது. எங்களுக்குத் தண்ணீர் குடிக்க நேரமில்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள் திட்டியது எங்களுக்குப் புதிதில்லை. புதிதாக இருந்தது வேறு. “நான் இருபது வருஷமாக இந்தக் கட்சி உறுப்பினர். வீடு வீடாக இவருக்கு ஓட்டுக் கேட்டவன். இவர் போக வேண்டும்” என்று கூட்டம் கூட்டமாக எழுத ஆரம்பித்தார்கள். ஒரு மதியம் சம்பத் சார் அறையிலிருந்து வெளியே வந்து எங்கள் எல்லாருக்கும் நடுவில் நின்றார்.

“யோசிச்சுப் பாருங்க. சொந்தக் கட்சிக்காரன் ஊர் பூரா பாக்கற எடத்துல சொந்தத் தலைவரைப் போகச் சொல்லுவானா? எதிர்க்கட்சிக்காரன் வேசம் போட்டு எழுதறான். எல்லாத்தையும் எடுத்துருங்க.”

ஒருத்தர் கூடக் கேள்வி கேட்கவில்லை. கேட்க என்ன இருந்தது? எனக்கும் அது சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைப்போல இருந்தது. என் வீட்டுக்காரர் எங்கள் ஊரில் ஒரு கட்சிக்குக் கிளைச் செயலாளர். அன்று வீட்டில் அவரிடமும் கேட்டேன். “தலைவரைப் பத்தி வெளிய வாயத் தொறந்தா அன்னிக்கே கட்சியை விட்டு எடுத்துருவாங்க. அப்புறம் எவன் பேசுவான்?” என்றார். ஒன்றியச் செயலாளர் உள்ளாட்சித் தேர்தலில் தன் மச்சானுக்கு சீட்டு வாங்கிக் கொடுத்ததில் அவருக்குத் தீராத கோபம். அதை அவர் பேசுவது வீட்டுக்குள்தான். அதுவும் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு.

ஆகவே நீக்கினோம். முறையீடுகள் வந்து குவிந்தன. அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் முறையிடுவதே திட்டமிட்ட வேலைக்கு அடையாளம் என்று எனக்குத் தோன்றியது. நீக்கியது நீக்கியதுதான் என்று முத்திரை போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் லண்டனிலிருந்து தகவல் வந்தது. அங்கே எங்கள் வேலையைப் பார்ப்பது ஒரு அம்மா. நேராக விஷயத்துக்கு வருகிற ஆள். வாசகர்கள் கொதிக்கிறார்கள், ஒரே மாதிரி எழுதிய கருத்து ஒருநாள் நிற்கிறது, மறுநாள் காணாமல் போகிறது, உங்கள் ஆபீசில் யாரோ ஒரு பக்கம் சாய்கிறார்கள், யாரென்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் இந்த வேலையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார்.

சம்பத் சார் என்னைக் கூப்பிட்டார். டீ ஊற்றினார். எல்லாருடைய வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். எல்லாரும் நீக்கியிருக்கிறோம், ஒரே ஒருத்திதான் விட்டிருக்கிறாள். பூங்கொடி.

பூங்கொடி வத்தல்மலைப் பெண். தர்மபுரியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தினமும் மலை இறங்கி ஏற முடியாது என்று ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். மலையில் கொஞ்சம் சாமையும் காபியும் விளைகிற காடு. அவள் அனுப்புவதை வைத்துத்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

“அந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் பேசி வெச்சிருக்காங்களான்னு பாருங்க கலா. நீங்க பாத்தா தப்பாது” என்றார் சார். அவர் பாராட்டியதில் ஒரு வினாடி குளிர்ந்துதான் போனேன். பிறகு கதவு திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். சாத்தியிருந்தது.

சந்தேகப்பட ஆரம்பித்தால் எனக்கு எல்லாமே சாட்சியாகத் தெரியும். பூங்கொடி எங்களோடு சேர்ந்து சாப்பிடுவதில்லை. போன் வந்தால் மாடிப்படிக்குப் போய் மெதுவான குரலில் பேசுகிறாள். கையில் புது போன். அடுத்த முறை அவள் படிக்குப் போனபோது நானும் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் போய் நின்றேன். மேலே போகிற பஸ் இன்றைக்கு உண்டா, அப்பா இறங்கினாரா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு வேறு அர்த்தம் ஏதாவது இருக்குமோ என்றுகூட நினைத்தேன். அவள் கை கழுவப் போன நேரத்தில் அவள் பையைத் திறந்து பார்த்தேன். சாமைச் சோறும் ஒரு துண்டும் இருந்தன. இதை நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. ஆபீசில் இருபது பேருக்கு மேல் வேலை செய்தோம். வேலை வேறு ஊருக்குப் போனால் அத்தனை வீட்டு அடுப்பும் அணையும். என்னைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், பார்த்தேன்.

பையில் ஒன்றும் இல்லாததால், அவள் விட்ட கருத்துகளுக்குப் போனேன். அதில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தார். மற்றவர்கள் அவரை நீக்கியிருந்தார்கள். இவள் கைக்கு வந்தபோதெல்லாம் விட்டிருக்கிறாள். சரி, மாட்டினான் என்று அவர் பெயரைத் தட்டி, முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

இங்கிலாந்தின் வட பக்கத்தில் ஏதோ ஒரு சின்ன ஊர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் எழுதியதில் பாதி, கட்சிக் கிளை கூடுகிற ஹாலைப் பற்றித்தான். அங்கே தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில் ஒன்று இருக்கிறது. அது பாதியில் நின்றுவிடும். புதிது வாங்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள், யாரும் வாங்கவில்லை. மழையில் நோட்டீஸ் போடப் போய் ஒரு வீட்டில் நாய் கவ்வியது. முந்தின தலைவரையும் அவருக்குப் பிடிக்கவில்லை, அதையும் எழுதியிருந்தார். எழுதிவிட்டு அந்தத் தலைவருக்காகவும் நோட்டீஸ் போட்டிருக்கிறார். தோட்டத்தில் லீக்ஸ் என்று வெங்காயத்தாள் மாதிரி ஏதோ ஒன்று வளர்க்கிறார், அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறார். வருஷக்கணக்காக இப்படியே போனது. நான் அவருக்குக் கெட்டில்காரர் என்று பேர் வைத்துவிட்டேன்.

கடைசியாக வந்த கருத்தில் பிரதமரைப் பற்றி எழுதியிருந்தார். விருந்துக்குப் போனதைக்கூட மன்னித்துவிடலாம், தனக்குக் கீழே வேலை பார்த்த பெண்ணைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தான் தப்பிக்கிறவன் எனக்குத் தலைவன் இல்லை, அவர் போகட்டும், நான் இங்கேதான் இருப்பேன் என்று முடித்திருந்தார். வேசம் போடுகிறவன் எவனும் வராத கெட்டிலுக்காக இத்தனை வருஷம் காத்திருக்க மாட்டான். ஆள் நிஜம். நிஜம் என்றால், நாங்கள் இத்தனை நாள் நீக்கியவர்கள் யார்?

பூங்கொடியைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டேன். கெட்டில்காரரின் கருத்தைக் காட்டினேன்.

“இந்த ஆளு அந்தக் கட்சிக்காரருதான்னு எதை வெச்சு நம்புன?”

“திட்டறதை வெச்சுதாங்க்கா.”

“திட்டுனா எதிராளின்னுதானே அர்த்தம்?”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “எதிராளிக்கு இவ்ளோ வருத்தம் இருக்குமாங்க்கா? எங்க மலையில ஊருக்குத் தலைவரா இருக்கற ஊர்க்கவுண்டர் தப்புப் பண்ணுனா கூட்டத்துல எதிர்ல உக்கார வெச்சுத்தான் கேப்பாங்க. நீ கவுண்டரா இருக்க லாயக்கில்லன்னு எங்கப்பாவே ஒரு தடவை சொன்னாரு. அப்புறம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புட்டாங்க. திட்டறவன் ஊர்க்காரன்தாங்க்கா. சாப்புடாம எந்திரிச்சுப் போறவன்தான் வெளியாளு.”

“சார் ரூல் சொன்ன அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமே?”

“எல்லாரும் தலையாட்டுனீங்க. நான் ஆட்டல. அதை யாரும் பாக்கல.”

எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் அன்று சாயங்காலமே, முறையிட்டவர்களில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் முதலிலிருந்து படித்தேன். வேசம் இல்லாமல் இல்லை, சிலர் மாட்டினார்கள். மற்ற எல்லாரும் நிஜ ஆட்கள். பேத்திக்குப் பல் முளைத்ததை எழுதியவர்கள், ரயில் தாமதத்துக்குப் புலம்பியவர்கள். தர்மபுரியில் எது நடக்காதோ அது லண்டனிலும் நடக்காது என்று நாங்கள் இருபது பேரும் நினைத்துக்கொண்டு, அவர்கள் வாயைப் பொத்தியிருந்தோம். இதை அப்படியே எழுதிக்கொண்டு போய் சம்பத் சாரிடம் கொடுத்தேன்.

அவர் நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போய்க் கதவைச் சாத்தினார். பிளாஸ்கைத் திறந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“நீங்க எழுதுனது கரெக்டுதான் கலா. ஆனா இதை அப்படியே அனுப்ப முடியாது. ரூலே தப்புன்னா ஆபீசே தப்பு. நாளைக்கே பூட்டிருவாங்க. ஒரு புதுப் பொண்ணு புரியாமப் பண்ணிருச்சுன்னு போச்சுன்னா, அவங்களுக்கும் சமாதானம், இருபது வூட்லயும் அடுப்பு எரியும்.”

“அந்தப் பொண்ணு வூட்டு அடுப்பு?”

“அதுக்கு ஓசூர்ல நம்ம பிரெண்டு கம்பெனியில நானே சொல்லி வாங்கித் தர்றேன். இதை விட நல்ல வேலை. நம்ம மேல நம்பிக்கை இல்லையா?”

இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதுதான் எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. அந்த மனுசர் எத்தனையோ நாளாக, செயலாளர் அம்மாவைக் காட்டிக்கொடுத்த பிரதமரைப் பற்றி எங்களோடு உட்கார்ந்து படித்திருக்கிறார். ‘பாவம் அந்தப் பொம்பளை’ என்று அவரே சொல்லியிருக்கிறார். இப்போது தான் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தே செய்கிறாரா? டீயில் ஆடை கட்டியது. குடிக்காமல் எழுந்து வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, மேலே இருப்பவரைப் பகைத்துக்கொள்ளாதே, உனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது என்று டி.வி. சத்தத்தைக் கூட்டிவிட்டுச் சொன்னார். அந்தச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி நான் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மறுநாள் மதியம் லண்டன் அம்மா போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டு, சம்பத் சார் நடுவில் உட்கார்ந்தார். மூத்தவர்கள் சிலரும் நானும் சுற்றி உட்கார்ந்தோம். பூங்கொடி அவள் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளைப் பற்றித்தான் பேச்சு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரே பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் நல்ல ஆங்கிலத்தில் தொடங்கினார். ஆழமாக விசாரித்தோம், எங்கள் இளம் ஊழியர் ஒருவர், அனுபவம் போதாமல் என்று போய்க்கொண்டிருந்தது. சார் அவள் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான் முன்னே சாய்ந்தேன்.

எனக்குப் பேச்சு ஆங்கிலம் வராது என்று சொன்னேனே, அது அன்றைக்கும் வரவில்லை. துண்டு துண்டாகத்தான் சொன்னேன். அந்தப் பெண் இல்லை. அந்தப் பெண் மட்டும்தான் சரி. சொந்தக் கட்சிக்காரர் சொந்தத் தலைவரைத் திட்டினால் பொய் ஆள் என்று எங்களுக்கு ஒரு ரூல் இருந்தது. ரூல் போட்டது எங்கள் மேனேஜர். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள், அதனால் உங்கள் ஊரிலும் பேச மாட்டார்கள் என்று நினைத்துவிட்டோம்.

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். உங்கள் மேனேஜர் இப்போது அந்த அறையில் இருக்கிறாரா?

இருக்கிறார் என்றேன். எனக்கு எதிரில் இருக்கிறார்.

அவர் முகத்துக்கு நேராகத்தான் இதைச் சொல்கிறீர்களா?

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. சம்பத் சார் என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு, “கலா சொல்வது சரி, ரூல் என்னுடையது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதை அவர் மனம் மாறிச் சொன்னாரா, வேறு வழியில்லை என்று சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆபீசைப் பூட்டவில்லை. நீக்கியதில் முடிந்ததை எல்லாம் திரும்பப் போடச் சொன்னார்கள், ரூலை எடுத்தார்கள். பூங்கொடியின் வேலை தப்பியது. அந்தப் பிரதமரை அவர் கட்சி எம்.பி.க்களே கொஞ்ச நாளில் இறக்கினார்கள். கெட்டில்காரர், நல்லது நடந்தது, அடுத்து அந்தக் கெட்டிலுக்கு ஒரு வழி பண்ணுங்கள் என்று எழுதினார். விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு பழக்கதோஷத்தில், இது அவர்தானா, அவர் பெயரில் வேறு யாராவதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

சம்பத் சாருக்குக் கீழே அதற்குப் பிறகும் சில வருஷம் வேலை பார்த்தேன். என்னிடம் எப்போதும்போல மரியாதையாகத்தான் பேசினார். பழிவாங்கவில்லை. இன்றைக்கு வாங்குவார், நாளைக்கு வாங்குவார் என்று நான்தான் ஒவ்வொரு பேப்பரையும் இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் டீ ஊற்றினால் மட்டும் அல்சர் என்று சொல்லிவிடுவேன். மாற்றலாகிப் போகும்போது என்னிடம் பிளாஸ்கைக் காட்டி, இதில் அப்படி என்னங்க கலந்திருந்தேன் என்று கேட்டார். பிளாஸ்கை வாங்கி அவர் பையில் வைத்துக் கொடுத்தேன்.

பூங்கொடி இப்போது அந்த ஆபீசில் டீம் லீடர். போன மாதம் எனக்கு நடந்த வழியனுப்பு விழாவில் அவள்தான் பேச எழுந்தாள். இந்த மாதிரி விழாக்களில் என்ன பேசுவார்கள் என்று நமக்குத் தெரியும். தாயைப்போல இருந்தார், தூணைப்போல இருந்தார் என்பார்கள். அதற்கேற்றபடி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்காக நான் லண்டன் அம்மாவிடம் பேசியதைத்தான் முதலில் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“கலாக்கா எனக்காகப் பேசுனாங்க. அது எல்லாருக்கும் தெரியும்” என்று ஆரம்பித்தாள். “தெரியாதது ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னாடி அக்கா நான் கை கழுவப் போனப்ப என் பையைத் தொறந்து பாத்தாங்க. நான் கதவுக்கிட்ட நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். படிக்கட்டுல எங்கம்மாகிட்ட பேசுனதை ஒட்டுக் கேட்டாங்க. அது தப்புங்க்கா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே தொறந்து காட்டியிருப்பேன். நீங்க போறதுக்கு முன்னாடி உங்க எதிர்ல சொல்லணும்னு இத்தனை வருசம் வெச்சிருந்தேன்.”

முன் வரிசையில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் காது சுட்டது. சந்தேகப்பட்டது தப்பென்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அத்தனை வருஷம் தெரிந்தும் தெரியாததுபோல என்னோடு இருந்திருக்கிறாளே என்று அதற்கு வேறு கோபம் வந்தது. மேடையை விட்டு இறங்கிப் போய்விடலாமா என்று நிஜமாகவே செருப்பைத் தேடினேன்.

அதற்குள் அவள் பேச்சை முடித்துவிட்டாள். கைதட்டலுக்கு நிற்கவில்லை. நேராகப் பந்திப் பக்கம் போய், முதல் இலையில் தன் கையால் கேசரி வைத்து, அதன் முன்னால் என்னைக் கூட்டி வந்து உட்கார வைத்து, பக்கத்தில் தனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். என் முகத்தையே பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

சாப்பிட்டேன். சர்க்கரை கொஞ்சம் கம்மி. அதையும் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.